விழுப்புரத்தில் பெயர்ந்த சனி

எனக்குக் கல்யாணம் பேசிய வருஷத்தில் சனி பகவான் விழுப்புரத்தில் ஒரு ராசியிலும் திண்டிவனத்தில் இன்னொரு ராசியிலும் இருந்தார். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒரு தூக்கம் போட்டால் முடிந்துவிடும் தூரம்தான். ஆனால் விழுப்புரத்தில் எங்கள் வீட்டு ஆணியில் தொங்கிய திருக்கணிதப் பஞ்சாங்கப்படி அவர் கும்ப ராசியைக் காலி செய்துகொண்டு மீனத்துக்குக் குடிபோய்விட்டார். திண்டிவனத்தில் மாப்பிள்ளை வீட்டு வாக்கியப் பஞ்சாங்கப்படி அவர் இன்னும் கும்பத்தில்தான் காலை நீட்டிப் படுத்திருந்தார். எழுந்து கிளம்ப அடுத்த மாசி மாதம் ஆகும். நான் மகர ராசி. சனி கும்பத்தை விட்டுப் போனால்தான் எனக்கு ஏழரைச் சனி முடியும். ஆக, விழுப்புரத்தில் நான் விடுதலையானவள், திண்டிவனத்தில் இன்னும் உள்ளே இருப்பவள்.

இரண்டு பஞ்சாங்கத்துக்கும் மூலம் ஒன்றுதான். வாக்கியக்காரர்கள் ரிஷிகள் சொல்லிவைத்த சூத்திரத்தை அன்று சொன்னபடியே வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். திருக்கணிதக்காரர்கள் அதே கணக்கை வானத்தைப் பார்த்து அவ்வப்போது திருத்திக்கொள்கிறார்கள். சூரியன், சந்திரன் விஷயத்தில் இந்த வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. சனி மெதுவாக நடக்கிறவர் என்பதால் அவரிடம் மட்டும் அது மாதக்கணக்கில் வளர்ந்து கிடக்கும்.

நான் விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறவள். ஒரே ஆள் ஒரே காலையில் இரண்டு லேபில் சர்க்கரை பார்த்தால் இரண்டு எண் வரும். எது குறைச்சலோ அதை நம்பிக்கொண்டு நேராக ஸ்வீட் கடைக்குப் போகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். பஞ்சாங்கத்திலும் ஜனங்கள் தங்களுக்குச் சாதகமானதைத்தான் நம்புவார்கள் என்று நினைத்திருந்தேன். எனக்கு வாய்க்க இருந்த மாமனார் கூடுதலாக வந்த எண்ணைத்தான் நம்பினார்.

இதில் வேடிக்கை என்னவென்றால் எங்கள் இரண்டு குடும்பத்துக்கும் பஞ்சாங்கமே புதுசு. எங்கள் தாத்தா ஊராரின் வேர்க்கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியவர். எந்தக் கிரகம் அவருக்கு எந்த வீட்டில் இருக்கிறது என்று எழுதிவைக்க யாருக்கும் தோன்றவில்லை. அவருக்கே சொந்தமாக வீடு கிடையாது. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை கிடைத்து, ஸ்டேஷன் மாஸ்டராகி, அதன்பிறகுதான் எங்கள் வீட்டுக்குள் கிரகங்கள் வந்தன. நான் பிறந்தபோது ஆஸ்பத்திரிக் கடிகாரத்தை நம்பாமல், தன் கைக்கடிகாரத்தை ஸ்டேஷன் கடிகாரத்தோடு ஒத்துப்பார்த்துவிட்டு ஓடிவந்து பிரசவ அறை வாசலில் நின்றவர் அவர். தன் பெண்ணுக்கு ஜாதகம் துல்லியமாக இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டார். அந்தத் துல்லியம் என்னை முப்பத்தொரு வயதுவரை வீட்டிலேயே உட்காரவைத்தது.

வந்த வரன்களெல்லாம் ஏழரைச் சனி என்றதும் காபியைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பெண் கறுப்பு என்று சொல்ல வாய் வராதவர்களும், பெண் பேசுகிற தோரணை பிடிக்காதவர்களும் சனியின் தலையில் போட்டுவிட்டுப் போனார்கள். அந்த வகையில் சனி எனக்கு நிறைய உதவி செய்திருக்கிறார். அதில் பாதிப் பேரை எனக்கும் பிடிக்கவில்லை.

இந்தத் திண்டிவனத்து மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. கால்நடை டாக்டர். பெண் பார்க்க வந்த அன்று வானூர் பக்கம் ஒரு மாட்டுக்கு வயிற்றில் கன்று திரும்பிக்கொண்டது என்று போய்விட்டு நேரே வந்தார். சட்டையில் வைக்கோல் ஒட்டியிருந்தது. எங்கள் வீட்டுப் பின்பக்கக் குழாயில் முழங்கைவரை சோப்பு போட்டுக் கழுவிக்கொண்டே இருந்தார், எங்கள் அம்மா தண்ணீர்த் தொட்டி காலியாகிவிடும் என்று கவலைப்படுகிற அளவுக்கு. தனியாகப் பேசச் சொன்னார்கள். நான் என்ன சமைப்பேன் என்று அவர் கேட்கவில்லை. ஊசி குத்தும்போது பயப்படுகிறவர்களை எப்படிச் சமாளிப்பேன் என்று கேட்டார். அவருக்கு எருமைகளிடம் அதே கஷ்டம் இருந்தது. அன்றைக்கே எனக்கு மனசு அவர்மேல் விழுந்துவிட்டது. வெட்கமில்லாமல் சொல்வதென்றால், இந்த ஆள் கைவிட்டுப் போய்விடக் கூடாது என்று முதல்முறையாகப் பயந்தேன்.

அவருடைய அப்பா ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். மனைவியை இழந்தவர். கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அச்சடித்திருக்கிற விடைதான் அவருக்குச் சத்தியம். பையன் போட்ட கணக்கு வேறு விடை தந்தால் தப்பு பையனுடையதுதான், புத்தகம் ஒருநாளும் தப்பாகாது. ஜாதகம் கைமாறிய மறுநாளே போன் வந்தது. பெண்ணை ரொம்பப் பிடித்திருக்கிறது, சனி விலகட்டும், மாசி கழித்து முடித்துக்கொள்ளலாம் என்றார்.

அப்பா விடவில்லை. சனி போயாகிவிட்டது, வேண்டுமானால் வானத்தைப் பாருங்கள் என்றார். அன்றிலிருந்து தினமும் சாயந்திரம் போனில் சாஸ்திர விசாரணை நடந்தது. ஸ்பீக்கரில் போட்டு நானும் அம்மாவும் கேட்போம்.

“ரிஷி இன்னா பண்ணாரு? அண்ணாந்து பாத்துட்டுத்தான சொன்னாரு? இன்னிக்கி இருந்தா இன்னொரு வாட்டி பாத்திருப்பாரு. டைம்டேபிள்ல ஒண்ணு போட்டிருக்கும், வண்டி ஒரு நேரத்துக்கு வரும். நாம வண்டிய நம்புறதா, டைம்டேபிள நம்புறதா?” என்பார் அப்பா.

“கண்ணுக்குத் தெரியற சனி வேற, பலன் குடுக்கிற சனி வேறங்க. தெரியற சனிய சயின்ஸ் பாத்துக்கும். குடுக்கிற சனி ரிஷி சொன்னாத்தான் நகரும்” என்பார் வாத்தியார்.

இந்த இரண்டாவது சனியைக் கேட்டு அப்பா ஒரு ராத்திரி சாப்பிடவே இல்லை. நூற்றுக்கணக்கான வண்டிகளை அனுப்பிவைத்தவருக்கு, கண்ணுக்குத் தெரியாத ஒரு வண்டி தண்டவாளத்தில் வேறு நேரத்தில் ஓடுகிறது என்பதை ஏற்றுக்கொள்ள முடியவில்லை. மாப்பிள்ளை மட்டும் இதையெல்லாம் தூரத்தில் நின்று ரசித்தார். சனிக்கு ஒரு கால் நொண்டி என்று கதையில் வருகிறதாம். அதனால்தான் மெதுவாக நடக்கிறாராம். ஒருதடவை காட்டினால் காலைப் பார்த்துக் கட்டுப் போட்டுவிடலாம், ஜல்தியாக நகர்ந்துவிடுவார் என்று எனக்கு மெசேஜ் அனுப்பினார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. வயது ஏறிக்கொண்டிருந்தது எனக்கு.

பேசி முடித்துவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை வாத்தியாரும் மகனும் விழுப்புரம் வந்தார்கள். அப்பா ஆயுதத்தோடு காத்திருந்தார். வானத்தில் எந்தக் கிரகம் எங்கே என்று காட்டுகிற ஒரு ஆப்பை போனில் இறக்கிவைத்திருந்தார். இனி விவாதமே இல்லை, நேரில் காட்டிவிடலாம் என்று சம்பந்தி பக்கத்தில் போய் உட்கார்ந்து திறந்தார். அதில் குடத்துக்கு ஒரு படம், மீனுக்கு ஒரு படம். சனி இரண்டுக்கும் நடுவே, குடத்துப் பக்கமா மீன் பக்கமா என்று சொல்ல முடியாதபடி நின்றுகொண்டிருந்தார்.

அப்பா போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். “அவுட்டர்ல நிக்கிறாரு” என்றார். சிக்னல் கிடைக்காத ரயில் ஊருக்கு வெளியே நிற்குமே, அந்த இடத்துக்குப் பெயர் அவுட்டர்.

அப்படியென்றால் வந்துவிட்டதாகக் கணக்கா, இல்லையா என்று வாத்தியார் கேட்டார். அப்பா நினைத்திருந்தால் வந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். பெண்ணைப் பெற்ற எந்த மனுஷனும் சொல்லியிருப்பான். ஆனால் முப்பத்துச் சொச்சம் வருஷம் ரயில்வே விதியை மனப்பாடமாக வைத்திருந்த வாய் பொய் சொல்ல மறுத்துவிட்டது. அவுட்டரில் நிற்கிற வண்டி வந்த வண்டி இல்லை என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னார். அம்மா சமையலறையில் தலையில் அடித்துக்கொண்ட சத்தம் எனக்குக் கேட்டது.

எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பஜ்ஜித் தட்டை வைத்துவிட்டு வாத்தியாரிடம் நேராகவே கேட்டேன், வெளிநாட்டு ஆப்பையும் நம்புகிறீர்கள், ரிஷியையும் நம்புகிறீர்கள், நடுவில் இருக்கிற என்னை நம்ப மாட்டீர்களா என்று. பெண் இப்படிக் கேட்டதும் அவர் எழுந்து போய்விடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் கையில் எடுத்த பஜ்ஜியைத் தட்டிலேயே திருப்பி வைத்தார்.

“என் பொறந்த தேதி எட்மாஸ்டர் போட்டதும்மா. தலைக்கு மேல கைய வுட்டு காதத் தொட்டேன், ஸ்கூல்ல சேத்துக்கினாரு, ஜூன் மாசத்துல ஒரு தேதிய எழுதிக்கினாரு. எங்க வூட்டுக்காரம்மாவுக்கும் அதே கததான். அது திடீர்னு ஒரு ஜொரத்துல பூடுச்சி. அப்ப எங்க ரெண்டு பேருல யாருக்குச் சனி நடந்துச்சின்னு எனக்கு இன்னிவரிக்கும் தெரியாது. யாரு மேல கோச்சிக்கிறதுன்னே தெரியாம கெடக்கிறேன். பசங்க விசயத்துலயாவது தெரிஞ்சி செய்யலாம்னு பாக்குறேன், அவ்ளோதான்.”

அதற்குமேல் அவரிடம் எனக்குக் கோபப்பட முடியவில்லை. கோபப்பட முடியாதது இன்னும் பேஜாராக இருந்தது. அவர்கள் கிளம்பிப் போனபிறகு, இந்த இடம் வேண்டாம், வேறு பார்க்கலாம் என்று அப்பா மெதுவாக ஆரம்பித்தார். வேறு பார்க்கிறதென்றால் என்னைக் கிணற்றில் தள்ளிவிடுங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். அன்று ஞாயிற்றுக்கிழமை, லேப் பூட்டியிருந்தது. வாசல் படியில் உட்கார்ந்துவிட்டு வந்தேன்.

மறுநாள் இரண்டு பஞ்சாங்கத்தையும் கடையில் வாங்கி, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் லேப் மேஜையில் பிரித்துவைத்துக்கொண்டேன். எனக்குச் சனி எப்போது விலகும் என்று மறுபடி மறுபடி பார்த்துப் புளித்துப்போய், சும்மா ஒரு வம்புக்கு மாப்பிள்ளையின் ராசிக்குப் பார்த்தேன். அவர் மேஷம். சனி மீனத்துக்குள் கால் வைத்தால் மேஷத்துக்கு ஏழரை ஆரம்பம்.

தயிர்ச்சாத டப்பாவை மூடி வைத்துவிட்டேன். சனி கும்பத்தில் இருக்கும்வரை என்னைப் பிடித்திருப்பார். கும்பத்தை விட்ட நிமிஷமே அவரைப் பிடிப்பார். திருக்கணிதப்படி என்னை விட்டு அவரைப் பிடித்தாயிற்று. வாக்கியப்படி மாசிவரை நான், மாசிக்கு அப்புறம் அவர். எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்தாலும் இரண்டு பேரும் ஒரே சமயத்தில் சுத்தமாக இருக்கிற நாளே இல்லை. மாசிக்குக் காத்திருந்தால் வாத்தியார் தன் கையாலேயே தன் பையனுக்குச் சனியில் தாலி எடுத்துக் கொடுப்பார். இத்தனை மாதமாக இரண்டு வீட்டிலும், ஊரில் உள்ள தரகர் முதல் ஜோசியர்வரை, யாருமே மாப்பிள்ளைக்குச் சனி பார்க்கவில்லை. பெண்ணுக்குத்தான் சனி பிடிக்கும் என்று எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள், நான் உட்பட.

உடனே அவருக்குப் போன் போட்டேன். அவர் கை ஏதோ ஒரு பசுவின் உள்ளே இருந்தது. மாட்டுக்காரர் போனை அவர் காதில் பிடித்திருந்தார். நான் சொல்லச் சொல்ல அவர் உம் கொட்டினார், மாட்டுக்காரரும் உம் கொட்டினார். முடித்ததும் தானும் மேஷம்தான், என்ன செய்யலாம் என்று மாட்டுக்காரர் என்னிடம் கவலையாகக் கேட்டார். அந்த மனுஷனுக்குப் பதில் சொல்லும்போதுதான் எனக்கு வழி தெரிந்தது. உங்கள் வீட்டில் எந்தப் பஞ்சாங்கம் என்று கேட்டேன். வாக்கியம் என்றார். அப்படியென்றால் உங்களுக்கு இன்னும் பிடிக்கவில்லை, மாசிவரை நிம்மதியாக இருங்கள் என்றேன். சொன்ன வாய் மூடுவதற்குள் எனக்கே உறைத்தது.

அடுத்த வாரம் இரண்டு அப்பாக்களையும் விக்கிரவாண்டிக்கு வரச் சொன்னேன். இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற ஊர். டோல்கேட்டுக்கு அந்தப் பக்கம் லாரிக்காரர்கள் சாப்பிடுகிற ஒரு கடையில் உட்கார்ந்தோம். முதலில் மாப்பிள்ளையின் சனியைச் சொன்னேன். அப்பாவுக்கு முகம் வெளுத்துவிட்டது, தன் அருமைத் திருக்கணிதத்தில் மாப்பிள்ளைக்குப் பிடித்தாகிவிட்டது என்பதை அவர் பார்த்திருக்கவே இல்லை. வாத்தியாருக்கு அதைவிட மோசம். மாசி என்று பிடிவாதம் பிடித்தவரே அவர்தான்.

பிறகு சொன்னேன். எங்கள் வீட்டுப் பஞ்சாங்கப்படி நான் விடுதலை. அவர்கள் வீட்டுப் பஞ்சாங்கப்படி மாப்பிள்ளைக்கு இன்னும் சனி பிடிக்கவில்லை. ஒவ்வொருவரும் அவரவர் வீட்டுப் பஞ்சாங்கத்தை வைத்துக்கொண்டால், இன்று முதல் மாசிவரை இரண்டு பேருக்குமே சனி கிடையாது. இரண்டு பஞ்சாங்கமும் ஒத்துப்போயிருந்தால் எங்களுக்குக் கல்யாணமே கிடையாது. சண்டை போட்டதால்தான் நடுவில் இந்தச் சந்து கிடைத்தது.

அந்தந்த ஸ்டேஷனுக்கு அந்தந்த டைம்டேபிள் என்றால் அதில் தப்பே இல்லை என்று அப்பா உடனே கையெழுத்துப் போடாத குறையாக ஒப்புக்கொண்டார். வாத்தியார் மேஜையில் சிந்தியிருந்த தண்ணீரைத் தொட்டு விரலால் கட்டம் போட்டுப் பார்த்தார். அழித்துவிட்டு மறுபடி போட்டார். எங்கேயும் தப்புப் பிடிக்க முடியவில்லை. விடை வருகிறது என்றார், வந்ததில் கொஞ்சம் வருத்தம் இருப்பதுபோல. பிறகு ஒரு ஸ்டெப் மிச்சம் இருக்கிறது என்றார். தாலி கட்டியதும் நான் அவர்கள் வீட்டுப் பெண். அவர்கள் வீட்டுப் பெண்ணுக்கு அவர்கள் வீட்டு வாக்கியம். அந்த நிமிஷமே என் சனி திரும்பி வந்துவிடும். அதனால் மாசிவரை நான் திண்டிவனத்து வீட்டு வாசப்படியை மிதிக்கக் கூடாது.

கணக்கில் இதிலும் தப்பில்லை. எனக்கு மாப்பிள்ளை வேண்டியிருந்தது, வாசப்படி அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று சரி சொல்லிவிட்டேன்.

ஆவணியில் விக்கிரவாண்டியிலேயே மண்டபம் பிடித்துக் கல்யாணம் நடந்தது. விக்கிரவாண்டியிலேயே ஏரிக்கரைப் பக்கம் ஒரு வாடகை வீடும் பார்த்தோம். அவர் வடக்கே வேலைக்குப் போவார், நான் தெற்கே போவேன். சனி எந்தப் பஞ்சாங்கத்துக்கும் கட்டுப்படாத ஊர் அது என்று நாங்களாக வைத்துக்கொண்டோம்.

மாமனார் வாரம் தவறாமல் வருவார், சனிக்கிழமை மட்டும் வரமாட்டார். கேப்பை மாவு, முருங்கைக்கீரை, பேரம் பேசி வாங்கிய கொடுவா மீன் என்று ஏதாவது கையில் இருக்கும். என் சமையலை ருசித்துச் சாப்பிடுவார், எனக்கு எதிரிலேயே உட்கார்ந்து. சனி இங்கேதான் இருக்கிறது, பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டாதா மாமா என்று ஒருநாள் கேட்டேன். விருந்தாளியை அது ஒன்றும் செய்யாது என்றார். அவருடைய ரிஷிகள் எல்லாவற்றுக்கும் இடம் விட்டு வைத்திருந்தார்கள், எனக்கு மட்டும்தான் இல்லை.

சிரித்துக்கொண்டே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் ஐப்பசியில் மாமியாரின் திதி வந்தது. பார்த்தே இராத அந்த அம்மாவுக்கு இலை போடுவதற்கு நான் போகவில்லை. கணவர் மட்டும் போய்விட்டு, இலையில் வைத்த வடையை ஒரு டப்பாவில் போட்டுக் கொண்டுவந்தார். அந்த வீட்டு மருமகளுக்கு அந்த வீட்டுச் சோறு டப்பாவில் வருகிறது. அந்த வடையைத் தின்னமாட்டேன் என்று அழுதேன். நானே போட்ட கணக்கு, நானே சரி சொன்ன ஸ்டெப், யாரைத் திட்டுவது என்று தெரியாததால் கணவரைத் திட்டினேன்.

கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டது. விடாமல் கொட்டியது. ஒரு காலையில் ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது. கணவர் விடிவதற்கு முன்பே ஏதோ ஒரு கிராமத்தில் மாடுகள் மாட்டிக்கொண்டன என்று போயிருந்தார், போன் கிடைக்கவில்லை. பஸ்ஸும் இல்லை. மிக்ஸியையும் அரிசியையும் கட்டில்மேல் ஏற்றிவிட்டு, அதற்கு மேலே நானும் ஏறி உட்கார்ந்துகொண்டேன். வாசலைத் தாண்டித் தண்ணீர் உள்ளே வந்தது. எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு மாமனார் வந்தார். வேட்டியைத் தொடைவரை தூக்கிக் கட்டியிருந்தார், குடை வளைந்து பின்பக்கமாகத் திரும்பியிருந்தது. நெடுஞ்சாலையில் ஆட்டோவை நிறுத்திவிட்டு, அந்தத் தண்ணீரில் நடந்தே வந்திருக்கிறார். மூச்சு வாங்கியது. கிளம்பு, நம் வீட்டுக்குப் போகலாம் என்றார்.

எத்தனை பயத்திலும் என் வாய் அடங்குகிற வாய் இல்லை. கட்டில்மேல் உட்கார்ந்தபடியே சொன்னேன்.

“மாசி இன்னும் வரல மாமா. எனக்கு இன்னும் சனி இருக்குது.”

அவர் கட்டிலில் இருந்த மிக்ஸியை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். இன்னொரு கையை என்னிடம் நீட்டினார்.

“அதையும் கூட்டிக்கினு வாம்மா. இந்த மழையில அது மட்டும் எங்க போவும்?”